கருவளையம் இல்லாத பொறி

இரும்பு மாதிரித் துண்டைத் தேய்த்துச் சோதனை இயந்திரத்தின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே பொறி வெடித்தது.

மக்னீசியம் 0.027 சதவீதம். குறைந்தது 0.035 இருக்க வேண்டும்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சரியாகத் தேய்க்கவில்லையோ, விரல் பட்டிருக்குமோ. மறுபடி தேய்த்து, வேறு இடத்தில் சுட்டேன்.

0.028.

லேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலைக்காரர் நின்றிருந்தார். காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் லேடில் என்கிற பெரிய வாளியில் உருகிய இரும்பு. அதில் மக்னீசியம் கலப்பது அவர் பொறுப்பு. ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் வரிசைகட்டி நிற்கிற மாதிரியான லாரிகளின் பிரேக்குக்குப் போகிற வார்ப்பு இது. மக்னீசியம் குறைந்தால் என்றாவது ஒருநாள் விரிசல் விடும்.

கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னங்க மேடம், பாஸா பெயிலா? பரீட்சை எழுதுற மாதிரி யோசிக்கிறீங்க. அங்க லேடில் ஆறுதுங்க."

எனக்கு இருபது வயது. லேபில் உட்காருகிறவள் என்பதால் எல்லோருக்கும் மேடம்.

இந்த மாதம் அவருடைய இரண்டு லேடில்கள் ஏற்கெனவே தள்ளுபடி ஆகிவிட்டன. மூன்றாவதும் போனால் அவரை உலையிலிருந்து எடுத்து மண் சலிக்க அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் தமிழரசன் சார் போன வாரமே சொல்லிவிட்டார்.

மூன்றாவது முறை சுட்டேன்.

0.041.

இந்த எண்ணை மட்டும் அச்சிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கை பொத்தான் வரை போய்விட்டது.

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பொறி சரியாக விழுந்தால் சுற்றிலும் கருவளையம் இருக்கும். இது வெளுத்திருந்தது. முன்பு சுட்ட வடுவின் விளிம்பில் ஏறியிருந்தது.

மாலை வகுப்பு நோட்டில் எழுதியிருக்கிறேன்: பொறியின் ஆற்றலை வாங்கி எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குப் போகும். அங்கே தங்க முடியாது. சறுக்கி இறங்கும். 'சறுக்கி' என்பதை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருந்தார். நடுவில் நிற்க இடமே கிடையாதாம். தாவித்தான் விழ வேண்டும். விழும்போது இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடாமல் குறையாமல், வெளிச்சமாகக் கொடுத்துவிடும். மக்னீசியத்துக்கு அதன் மட்டங்கள், அதன் நிறங்கள்.

இயந்திரம் அளப்பது அந்த வெளிச்சத்தைத்தான். எனக்காக அது ஏறி இறங்காது.

இன்னொரு தடவை, சுத்தமான இடத்தில்.

0.027.

தள்ளுபடிக்கான சிவப்புச் சீட்டை எடுத்துத் தேதி எழுதினேன். நேரம் மாலை 4.52. காரணம் எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

அவர் சீட்டை வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லேடிலைக் கவிழ்த்துவிடச் சொல்லி வெளியே கை காட்டினார். கையுறைகளைக் கழற்றினார். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார்.

"நீ ஏதாவது சாப்பிட்டுட்டு பஸ் ஏறு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."