எடப்பாடியில் ஆயில் பார்ப்பது

திருச்செங்கோடு குழந்தைவேல், லாரி சங்கத்தில் இரண்டு முறை துணைத் தலைவர். காரில் ஆயில் பார்ப்பதைக்கூட மேடைப் பேச்சாகத்தான் விளக்குவார்.

“இந்தப் புதுக் காருக்கு ஆயில் பாக்கற கம்பியே கெடையாது பாவாயி. அரைமணி ஓட்டி என்ஜின் சூடாகோணும். ஏத்த எறக்கம் இல்லாத எடத்துல நிக்கோணும். அப்பத்தான் திரையில சரியான அளவு காட்டும்.”

“அதுக்கு வாராவாரம் எடப்பாடிக்கே வரோணுங்களா?” என்றாள் மனைவி.

“இந்தத் தெருவாட்டம் சமமான எடம் ஜில்லாவுலயே இல்ல.”

ஒரு நிமிஷத்தில் அளந்து முடிக்கும் கார், இந்தத் தறிக்காரர் தெருவில் மட்டும் முக்கால் மணி நேரம் நிற்கும். பாவாயியும் அவசரப்படுத்தியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கார் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

“இனி இங்க வர முடியாதாட்ட இருக்குது,” என்றார். அந்தக் குரலில் துணைத் தலைவர் இல்லை.

எதிர்வீட்டிலிருந்து லுங்கி கட்டிய ஒருவன் வந்து ஜன்னலோரம் குனிந்தான்.

“எங்கூட்டு வாசல்ல காரை உடுங்க மாமா. போன வாரந்தான் சிமெண்ட் போட்டோம். ரசமட்டம் வெச்சுப் பாத்துப் போட்டதுங்க.”

“எதுக்கு?”

“அப்பாவுக்கு ஆயில் பாக்க எடம் வேணும்னு உங்க மக சொன்னாளுங்க.”

பாவாயி வேறுபக்கம் பார்த்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள் வாசலில் நின்றிருந்தாள். கார் உள்ளே வந்ததும் கிட்டே வந்தாள்.

“காப்பி வெக்கட்டுங்களாப்பா?”

குழந்தைவேல் என்ஜினை நிறுத்தினார்.

“வெய்யி சாமி,” என்றார்.