ஹாம்பர்க்கிலிருந்து வந்த பெட்டி

பெட்டியின்மேல் யாரோ வெற்றிலைச் சாற்றைத் துப்பியிருந்தார்கள். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று காட்டும் அம்புக்குறி அந்தச் சிவப்பில் பாதி மறைந்து போயிருந்தது.

தனபாலன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். துறைமுகக் கிடங்கில் உப்புப் போட்ட தோல் கட்டுகளுக்கு நடுவே கிடந்தது பெட்டி. மழைத் தண்ணீர் தேங்கிய மூலையில் ஒரு செத்த எலி ஊறி உப்பியிருந்தது.

அடையாறிலிருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் கருவிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. ஒசாகாவிலிருந்து தராசு, லெனின்கிராடிலிருந்து லென்ஸ் என்று எதையும் ஒரு கீறல் விழாமல் இறக்கியவர். இந்தப் பெட்டியிலிருந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஹாம்பர்க்கில் கப்பலேறியது. சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் அது. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, அத்தனை கடலையும் தாண்டி முழுசாக வந்த பெட்டி, சொந்தக் கரையில் நாற்றத்துக்கு நடுவே கிடந்தது.

சுங்க அதிகாரி வெள்ளைத்துரை சாவியால் காதைக் குடைந்துகொண்டே, போன தடவை சொன்னதையே சொன்னார்.

“பெட்டியத் தொறந்து, எது எதுக்குன்னு எடுத்துச் சொல்லணும்யா. உங்க டைரக்டர ஒரு நடை வரச் சொல்லுங்க, உடனே எடுத்துட்டுப் போங்க.”

தனபாலன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பெரிய ஆளை வரவழைத்தால் பெரிதாகக் கறக்கலாம் என்று பார்க்கிறான். காதைக் குடைந்த சாவியை வெள்ளைத்துரை தன் சட்டையில் துடைத்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விறுவிறுவென்று வெளியே வந்தார்.

டைரக்டர் சண்முகசுந்தரம் விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். அந்த ஆள் முன்னால் போய் நிற்பதைவிடச் சாக்கடையில் இறங்கலாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். போக வேண்டிய நாளன்று அவருக்குத் தலைவலி வந்தது. அடுத்த முறை டெல்லியில் அவசர வேலை. பத்திரிகைக்காரர்கள் வந்தபோது மட்டும், இந்தத் தேசத்தில் விஞ்ஞானம் எப்படி வளரும் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த தனபாலனுக்கும் கண் கலங்கியது.

அந்தக் கருவிக்காக உண்மையில் தவித்துக்கொண்டிருந்தவள் வஜீஹா. திருவல்லிக்கேணியிலிருந்து வரும் இளம் ஆராய்ச்சியாளர். மழைக்காலத்தில் வந்து குழந்தைகளைக் கொண்டுபோகும் ஒரு மூளைக்காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தாள். இறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த திசுக்கள் அவளுடைய ஐஸ் பெட்டியில் இருந்தன. கரண்ட் போகும்போதெல்லாம் அவளே ஓடிப்போய் ஐஸ்கட்டி வாங்கி வருவாள்.

தனபாலன் கிடங்கில் கண்டதையெல்லாம் சொல்லித் தீர்த்தார். டைரக்டர் அப்போது மறுபடியும் டெல்லியில் இருந்தார். வஜீஹா ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

“எடுத்துச் சொல்லத்தானே ஆள் வேணும், தனபாலன் சார்? நான் வர்றேன்.”

“அந்த ஆளு ஒரு மாதிரிம்மா. நீங்க அந்த நாத்தத்துல வந்து நிக்க வேணாம்.”

“இந்த ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கறத விடவா சார்?” என்றாள் அவள்.

மறுநாள் காலை இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். எந்த நிமிஷம் அந்த வாய் காசு கேட்கும் என்று தனபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத்துரை பெட்டியின் மூடியைப் பெயர்க்கச் சொன்னார். வஜீஹா ஒவ்வொரு பாகமாகக் காட்டி விளக்க, குறுக்கே பேசாமல் கேட்டார். காய்ச்சலைப் பற்றி அவள் சொன்னபோது, சாவியைப் பையில் போட்டுவிட்டு, தம் தங்கை மகனும் அதில்தான் போனான் என்றார்.

பெட்டி அப்போதே விடுவிக்கப்பட்டது. தனபாலன் வாங்கி வந்த சோடாவைக்கூட அவர் தொடவில்லை.

“இதத்தானேய்யா மொதல்லேருந்து கேட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சரக்கைப் பார்க்கப் போனார். தனபாலனுக்குத் தம் மேலேயே அருவருப்பாக இருந்தது.

லாரி கடற்கரைச் சாலையில் மெல்லப் போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வஜீஹா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடையாறு பாலம் தாண்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் வெற்றிலைக் கறையைத் துடைக்கத் தொடங்கினார்.

டைரக்டர் அன்று காலைதான் டெல்லியிலிருந்து திரும்பியிருந்தார். அவர் மட்டும் கீழே வரவில்லை. விஷயம் தெரியாது போலும் என்று தனபாலன் மாடிக்கு ஓடினார். தோளில் ஒரு தட்டாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடினார்.

சண்முகசுந்தரம் ஜன்னலருகே நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வஜீஹா வந்ததையும், வெள்ளைத்துரை ஒரு காசுகூடக் கேட்காமல் விட்டதையும் தனபாலன் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். டைரக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அறைக்கதவைச் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்:

“மெஷின் இங்கயே வந்துட்டா, அதுல வேலை பாக்கன்னு என்னை எவன்யா ஜெர்மனிக்கு அனுப்புவான்?”