அண்ணன் முறை

கொரியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கிம்மின் மேல்தான் விழ வேண்டும். அதனால் தங்கள் இருவருக்குமே கிம்தான் குடும்பப் பெயர் என்பதைக் காதலர்களான மியோங்சுக்கும் டேஹோவும் பெரிதாக நினைக்கவில்லை. மியோங்சுக்கின் அப்பாதான் டேஹோவின் பூர்வீகத்தை விசாரித்தார். "அவனும் நம்ம ஊரு கிம். பங்காளி. உனக்கு அண்ணன் முறைம்மா" என்று அழுதார். டேஹோவின் கல்யாணத்துக்கு அவள் தங்கையாகப் போய் வந்தாள். பிறகு யாரையும் மணக்கவில்லை.

தலை நரைத்த பிறகு ஓர் இலையுதிர்காலத்தில், கொள்ளுத்தாத்தாவின் கல்லறை மேட்டு முன் மதுக் கிண்ணத்தை வைத்தாள். உயிரோடிருப்பவரை ஒரு முறையும் இறந்தவரை இரண்டு முறையும் விழுந்து கும்பிடுவது அங்கே வழக்கம். அவள் குனிந்தபோது, புல்லில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: "இவரு கிம்மே இல்ல. கிம் வீட்டு அடிமை. விடுதலையானதும் எஜமான் பேரையே வெச்சிக்கிட்டாரு."

"டேஹோவைக் கூட்டிட்டு வந்தேனே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். வெளிய சொன்னா நம்மள எவன் மதிப்பான்?"

அவள் கிண்ணத்தை எடுத்து அப்பாவின் முன் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். அவர் நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். அவள் எழுந்து, மறுபடியும் விழுந்தாள்.