"நான்தாம்மா"

இணையக் கடை ஒன்றில் பணம் செலுத்தும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மறுமுனையில் யார் "நான்தான் வங்கி" என்றாலும் மென்பொருள் நம்பிவிடுகிறது, அடையாளச் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை என்பதை அன்று காலைதான் கண்டுபிடித்தாள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் சரிசெய்தாள்.

அதன்பின், மறுமுனையில் இருப்பது உண்மையான வங்கி இல்லை என்று ஒரே ஒரு பரிவர்த்தனைதான் தடுக்கப்பட்டது. அது அவள் வீட்டு டேப்லெட்டிலிருந்து, அவளுடைய கணக்கில் வந்திருந்தது. வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். அம்மாவுக்கு அதைத் திறக்கவே தெரியாது.

உடனே அலுவலகத் தொலைபேசியிலிருந்து அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, டேப்லெட்ல யாரு என்ன வாங்கறாங்க?"

"யாருங்க பேசறது?"

"நான்தாம்மா."

"விளையாடாதீங்க. என் பொண்ணு தலைவலின்னு ஆபீஸ்ல இருந்து அப்பவே வந்துட்டா. 'நான்தாம்மா'ன்னு கதவைத் தட்டினா, திறந்தேன். இதோ பக்கத்துல உக்காந்திருக்கா."

"அம்மா, அது நானில்ல. எழுந்து வெளிய வந்துடு."

"யாரும்மா போன்ல?" என்று அம்மாவுக்கு அருகில் ஒரு குரல் கேட்டது. அது அவளுடைய குரல்தான்.

"தெரியலடி. உன்னை மாதிரியே பேசறாங்க."

"வெச்சிடும்மா."

அம்மா வைத்துவிட்டாள்.