மாப்பிள்ளையின் பூதம்

"என்ன மாப்பிள்ளை, பூதத்துக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா? நாங்க எப்போ சாப்பாட்டு மேஜையில சாப்பிடறது?"

மாமியாரின் குரல் கேட்டும் மாப்பிள்ளை நிமிரவில்லை. நிமிர்ந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கும் என்பது அனுபவம். மேஜைமேல் மல்லாந்து கிடந்தது அவருடைய ரிமோட் வண்டி. மான்ஸ்டர் டிரக். பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இரண்டு கையாலும் அணைத்துத்தான் அதைத் தூக்க முடியும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு குண்டான் அளவு.

"பின் ஆக்சில் மாத்தறேன் அத்தை. ஸ்டீல். இனிமே உடையவே உடையாது."

"போன மாசம் பல்சக்கரம் மாத்தும்போதும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னார்தான். முதலில் வேகம் போதவில்லை என்று பெரிய மோட்டார் வாங்கிப் போட்டார். அதன் முறுக்குத் தாங்காமல் பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்கியது. பல்சக்கரத்தை இரும்பில் போட்டார், ஆக்சில் போய்விட்டது. ஒன்றைப் பலப்படுத்தினால் பக்கத்தில் இருப்பது பல்லை இளித்தது. இத்தனைக்கும் ஐயா இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். சமையலறைக் குழாய்க்கு ஒரே ஒரு வாஷர் மாற்றினார். அன்றிலிருந்து அது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

"சத்தியமா சொல்றேன் அத்தை, ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு, துடைச்சு, சார்ஜ் ஏத்தி, மாடிப்படிக்குக் கீழே வெச்சேன். அப்போ ஆக்சில் நல்லாத்தான் இருந்துது. நேத்து எடுத்துப் பார்த்தா உடைஞ்சு கிடக்கு!"

"ஆமாமா, வண்டிக்குக் கால் முளைச்சிருக்கும். தானாவே வெளியில போய் விழுந்துட்டு வந்து படுத்திருக்கும்."

ஈரத்துணி வாளியோடு மனைவி வந்தாள். "பின்பக்கம் இன்னொரு பூந்தொட்டி உடைஞ்சிருக்கும்மா."

"பூனைடி. அதைப் பிடிச்சு ஒரு நாள் காலை ஒடிக்கணும்."

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை உடைஞ்சா வித்துடறேன்னு சொன்னது யாரு? பேச்சு மாறக்கூடாது. வாங்கிக்கறேன்னு சொன்ன பல் டாக்டர் வந்துட்டே இருக்கார்."

ஆபீசில் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை யாரும் மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டு லட்சணம் சொல்லவே வேண்டாம். திரும்பு என்றால் திரும்புகிற ஒரே ஜீவன் இந்த வண்டிதான். அதையும் தாரை வார்க்கச் சொல்கிறார்கள்.

கடைசித் திருகை முடுக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

பல் டாக்டருக்கும் இதே பைத்தியம். உள்ளே வந்தவர் வீட்டு மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் வண்டியைக் குனிந்து பார்த்தார்.

"அட, பெரிய மோட்டார், இரும்புப் பல்சக்கரம், ஸ்டீல் ஆக்சில்! புது வண்டியில இதெல்லாம் வராதே. வாசல்ல ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."

மாப்பிள்ளை வண்டியை வாசலில் இறக்கிவைத்து ரிமோட்டை அழுத்தினார். விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. சக்கரம் அசையவில்லை.

"பேட்டரி காலியா? ஃபுல்லா ஏத்தி வெச்சேனே!"

மாமியார் இதற்காகவே காத்திருந்ததுபோல முன்னால் வந்தார். "டாக்டர் தம்பி, நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். இது ஓடற வண்டி இல்லை, படுக்கிற வண்டி. வாரத்துல பாதி நாள் எங்க சாப்பாட்டு மேஜையிலதான் வாசம். மோட்டார் போட்டார், பல்சக்கரம் போச்சு. பல்சக்கரம் போட்டார், ஆக்சில் போச்சு. அடுத்து எது போகும்னு போட்டவருக்கே தெரியாது. இப்போ சார்ஜும் நிக்கலை, நீங்களே பார்த்தீங்க."

"அத்தை..."

"இருங்க மாப்பிள்ளை. தம்பி, இவர் கைவேலையைத் தெரிஞ்சுக்கணும்னா எங்க சமையலறைக் குழாயைப் பாருங்க. அதையும் இவர்தான் சரிபண்ணினார்."

உள்ளே குழாய் சொட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளினிக்ல ஆள் வந்திருப்பாங்க. யோசிச்சுச் சொல்றேன்." யோசிக்கப்போகிறவர் நடை போல அது இல்லை. கேட்டைச் சாத்தக்கூட அவர் நிற்கவில்லை.

மனைவி பொங்கினாள். "ஏம்மா, இந்தச் சனியனைத் தொலைச்சாத்தான் வீடு உருப்படும்னு தினமும் சொல்றது நீதானே? வந்த ஆளை இப்படி விரட்டறியே!"

"அதுக்காகப் பொய் சொல்லி ஊரான் தலையில கட்டச் சொல்றியா? இனிமே இதை யாரும் வாங்க மாட்டாங்க. மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கட்டும், விடு."

"என்னமோ பண்ணுங்க!" வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வண்டியைக் குழந்தையைப் போலத் தூக்கி வந்து மறுபடி மேஜையில் வைத்தார். வண்டி தப்பித்தது, சரி. ஆனால் அடுத்தவன் முன்னால் மானம் கப்பலேறிவிட்டது. அவருக்குக் கண் கலங்கியது. 'இந்தம்மாவுக்கு என்மேல் அப்படி என்ன வெறுப்பு?'

மாமியார் மாடிப்பக்கம் காதைக் கொடுத்தார். மகள் துணியை உதறும் சத்தம் கேட்டது. நாற்காலியை மேஜையருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன்னாடியும் ஸ்டீல் ஆக்சிலே போட்டுடுங்க மாப்பிள்ளை, பின்பக்கப் படியில இருந்து குதிக்க விட்டா இடது சக்கரம் ஆடுது. அப்படியே இன்னொரு பேட்டரியும் வாங்கிடுங்க. நீங்க ரெண்டு பேரும் காலையில ஆபீஸ் போனா சாயங்காலம்தான் வர்றீங்க, ஒரு பேட்டரி எனக்கு எந்த மூலைக்குக் காணும்?"