கடைசியாக இணைந்த போன்

கம்பம்மெட்டு இறக்கத்தில் ஜீப் வளைந்து வளைந்து இறங்குகிறது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பதினான்கு பெண்களின் சேலையிலும் பச்சை ஏலக்காய் வாசம். காலித் தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. கீழே, பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகள் மேல் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. பாட்டுக் கேட்கலாமென்று மாரீஸ்வரி இயர்பட்ஸைக் காதில் செருகுகிறாள். காலையில் அதை இரவல் வாங்கிப் பாட்டுக் கேட்டவன் ஜீப் ஓட்டுகிற அவள் புருஷன் சசிதரன். அது இவள் போனை விட்டுவிட்டு, கடைசியாக இணைந்திருந்த அவன் போனிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடிக்கிறது. எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கலையே" என்று கத்துகிறான். நேற்று ஜீப்பைப் பழுதுபார்க்க விட்டிருந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கின் குரல் இவள் காதுக்குள் பதறுகிறது. "அண்ணே, பிரேக் குழாய மாத்தாமலே வண்டிய அனுப்பிச்சுட்டாகண்ணே. பழசு விரிஞ்சு கெடக்கு. மலை எறங்கிராதீக." டவர் இல்லையென்று முனகியபடி சசிதரன் போனை அணைக்காமலே முன்னால் போடுகிறான். பக்கத்தில் இருக்கும் கருத்தம்மாள் இவள் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். "ஏங்க, நிறுத்துங்க! ஓரமா நிறுத்துங்க!" என்று மாரீஸ்வரி அலறுகிறாள். "எதுக்குடி, இந்த வளைவுலயா?" என்று சிரித்துக்கொண்டே அவன் பிரேக்கை மிதிக்கிறான். சிரிப்பு நின்றுபோகிறது. மறுபடி மிதிக்கிறான். அவள் காதுக்குள் மெக்கானிக் இன்னும் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.