வைக்கோல் பாதை

நத்தைக்கு எப்போதும் அவசரம். நினைத்தால் அதற்கே சிரிப்பு வரும். ஆனால் வெயில் ஏறுவதற்குள் குளத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஓட்டோடு காய்ந்துபோகும். வரப்பிலோ நத்தைக் கூட்டம் நெரிபட்டது.

"குளத்துக்குப் போற எருமை முதுகுல ஏறிக்கலாமே. தவளை, ஓணான் எல்லாம் அப்படித்தானே போகுது?" என்றது மைனா.

"சொந்த வீட்டோட போறவன் நான். கண்டவங்களோட உரசிக்கிட்டுப் போகணுமா?" என்றது நத்தை.

உடனே ஊரைக் கூட்டி, வரப்பைச் சுற்றிக்கொண்டு புதுப்பாதை வேண்டும் என்று முழங்கியது. பாதையில் பரப்ப வைக்கோலுக்கு எங்கே போவது? "எருமையோட வைக்கோல்போர் இருக்கே! அது சும்மா தின்னுக்கிட்டுதானே இருக்கு" என்று யோசனை சொன்னதும் நத்தைதான். போரைப் பிரித்துப் பரப்பினார்கள்.

பாதை திறந்த அன்று நத்தை ஜம்பமாகக் கிளம்பியது. பாதி வழியில் நகர முடியவில்லை. முன்னால் தவளைகள், பின்னால் ஓணான்கள், இரண்டு பக்கமும் நத்தைகள்.

"நீங்கல்லாம் எருமையில போறவங்களாச்சே! இங்க எதுக்கு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தது.

"எருமை பசியில படுத்துடுச்சு, அண்ணாச்சி. எழுந்திருக்கவே இல்லை" என்றது ஒரு தவளை.

வெயில் சுள்ளென்று அடித்தது. நத்தை தன் அடியில் கிடந்த வைக்கோலைப் பார்த்தது.

"என் மூளைக்குக் கோயில்தான் கட்டணும்" என்று தன்னையே நொந்துகொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, போர்ல வைக்கோல் மிச்சம் இருக்கா? இன்னொரு பாதைக்கு ஆகுமா?"